44 மா கணக்குக்கு வந்தது

எங்கள் வீட்டு ஓலைக்கட்டில் இருந்த பாகப்பிரிவினை ஓலையின் கூட்டல் கடைசியில் சரியாக வந்துவிட்டது. நஞ்சை மொத்தம் 44 மா (ஒரு மா 33 சென்ட் நிலம்). தாயாருக்கு ஜீவனாம்சம் 4 மா. மீதி 40 மா, அண்ணன் தம்பி நாலு பேருக்குத் தலைக்கு 10. வருஷம் விபவ, சாலிவாகன சகாப்தம் 1730, அதாவது 1808. இந்தக் கூட்டல் கிடைத்த பிறகுதான் கட்டில் இருந்த கடன் சீட்டுகள் எது யாருடையது, எது முன்னது, எது பின்னது என்று தெரிய ஆரம்பித்தது. எப்படிப் பிரித்தேன், எதைத் தடவினேன், எங்கே கணக்கு உதைத்தது, என்ன செலவு என்று எழுதி வைக்கிறேன். காவிரிப் பாசனத்துப் பழைய வீடுகளில் இப்படி ஒரு பெட்டி கிடக்க வாய்ப்பு அதிகம், யாருக்காவது உதவும்.

இருந்தது பரணில், ஒரு தகரப் பெட்டியில். மூன்று வகைச் சரக்கு. துளை போட்டுக் கயிறு கோத்த கணக்குக் கட்டு ஒன்று, 22 ஏடு. ஏடு 31 செ.மீ. நீளம், 3 செ.மீ. அகலம். அடுத்தது தனித்தனி ஓலைச் சுருள்கள், 14. பத்திரம், சீட்டு எல்லாம் இந்தச் சுருள்களில்தான். மூன்றாவது, பின்னாளில் வந்த காகிதங்கள், ஒன்பது. அதில் இரண்டு மோடி எழுத்து, அதாவது மராட்டி மொழியின் பழைய எழுத்து. மராட்டியர் ஆண்ட சீமையில் மோடி கிடைப்பது ஆச்சரியமில்லை, ஆனால் எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது. படம் எடுத்துப் படிக்கத் தெரிந்த ஒருவருக்கு அனுப்பிவிட்டு ஒதுக்கி வைத்தேன்.

எதையும் தொடும் முன் பெட்டியை அப்படியே மேலிருந்து படம் எடுத்தேன். எந்தச் சுருள் எதனோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது என்பதே ஒரு தகவல். யாரோ ஒருவர் நாலு சுருளை ஒரே நூலில் கட்டியிருந்தால் அவருக்கு அந்த நாலும் ஒரே விஷயம். அவிழ்த்துவிட்டால் அந்தத் தகவல் போயிற்று. ஒவ்வொன்றுக்கும் பருத்தி நூலில் அட்டை எண் கட்டினேன். ஓலை மேல் பேனா, பென்சில், ஸ்டிக்கர் எதுவும் கிடையாது.

அப்புறம் பூச்சி. ராமபாணப் பூச்சி தின்ற ஓட்டைகள் கணக்குக் கட்டில் ஏராளம். உயிரோடு ஒன்றும் அகப்படவில்லை என்றாலும், வாசலில் வெள்ளைத் துணி விரித்து, பெயிண்ட் கடையில் 60 ரூபாய்க்கு வாங்கிய ஒரு அங்குல மெல்லிய பிரஷால் ஒவ்வொரு ஏடாகத் தட்டினேன். நார்ப்போக்கில், நீளவாக்கில் மட்டும் தட்ட வேண்டும். குறுக்கே தட்டினால் ஓட்டைகளின் ஓரம் பிய்ந்து வரும். தட்டின தூசியைக் குப்பையில் போடுவதற்கு முன் சலித்துப் பார்ப்பது நல்லது. எனக்கு நகத்தளவு ஓலைத் துண்டுகள் ஏழெட்டு அதில் அகப்பட்டன. ஒன்றில் ஒரு முழுச் சொல் இருந்தது.

கணக்குக் கட்டு சுலபம். சுருள்தான் பாடு. காய்ந்து விறைத்த சுருளை விரலால் விரித்தால் மடிப்பு மடிப்பாக ஒடியும். பெரியப்பா, "இட்லிப்பானை ஆவியில் காட்டு தம்பி, தானா இளகும்" என்றார். பழைய விசிறி ஒன்றைப் பிரித்து, அந்த ஓலையைச் சுருட்டி ஆவியில் காட்டிப் பார்த்தோம். இளகியது உண்மை. காயும்போது முறுக்கிக்கொண்டு நின்றது, அதை நிமிர்த்தவே முடியவில்லை. ஆவி வேண்டாம் என்று முடிவானது.

பதிலுக்குச் செய்தது ஈரப்பெட்டி. 20 லிட்டர் பிளாஸ்டிக் டப்பா 350 ரூபாய். அடியில் ஸ்பாஞ்ச், அதில் பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீர். ஸ்பாஞ்சுக்கு நாலு விரற்கடை மேலே சட்டத்தில் இழுத்துக் கட்டிய கொசுவலை. வலை மேல் சுருள். உள்ளே 300 ரூபாய் ஈரப்பதமானி ஒன்று. 80 முதல் 85 சதவீதத்தில் நிறுத்தினால் ஒரு ராத்திரிக்குள் ஓலை வளைந்து கொடுக்கும். 90க்கு மேல் போக விட்டால், அல்லது இரண்டு நாள் மறந்தால், பூஞ்சணம். வெளியே எடுத்ததும் ஒரு கால் சுற்று மட்டும் விரித்து, கண்ணாடித் துண்டை மேலே வைத்து, மறுபடி பெட்டிக்குள். முழுக்க விரிந்த ஓலையை இரண்டு மை ஒற்றுத்தாள்களுக்கு நடுவே வைத்து மேலே கண்ணாடி. கண்ணாடிக் கடையில் வெட்டுத் துண்டுகளை 150 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். ஓரத்தை மட்டும் தேய்த்து வாங்க வேண்டும்.

14 சுருளில் 13 இப்படித் திறந்தது. ஒன்று திறக்கவில்லை. அதில் முன்பு யாரோ தேங்காய் எண்ணெய் தடவியிருக்கிறார்கள். எண்ணெய் சிக்குப் பிடித்து, புகையும் தூசியும் சேர்ந்து, ஓலை ஓலையோடு ஒட்டிப் பிசின் ஆகிவிட்டது. கணக்குக் கட்டிலும் மேல் ஏடுகள் நாலைந்தில் இதே கதை. நல்ல எண்ணத்தில்தான் தடவியிருப்பார்கள், ஆனால் சமையல் எண்ணெய் எதுவுமே ஓலைக்கு ஆகாது. ஏடுகளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால், எழுத்தில்லாத ஓரத்தில் முதலில் ஒற்றிப் பார்த்து, பிறகு மெதுவாகத் துடைத்தேன். பஞ்சு கறுப்பாக வந்தால் அது அழுக்கா, எழுத்துப் பள்ளத்தில் இருந்த கரியா என்று ஒவ்வொரு தடவையும் பார்க்க வேண்டியிருந்தது.

சுத்தமான ஓலைக்கு எலுமிச்சைப்புல் எண்ணெய். 100 மி.லி. 420 ரூபாய். பூஜைச் சாமான் கடையில் வாசனைக்கு விற்பது வேண்டாம், அதில் வேறு எண்ணெய் கலந்திருக்கும். காய்ச்சி வடித்த சுத்த எண்ணெய் என்று கேட்டு வாங்க வேண்டும். துணியில் நாலு சொட்டு விட்டு ஒரு தரம் இழுத்தால் போதும். நார் கொஞ்சம் உயிர் பெறும், பூச்சியும் அண்டாது.

எழுத்து தெரியாத இடங்களில் மட்டும் மையாடினேன். நல்லெண்ணெய் விளக்கின் மேல் எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்துப் பிடித்த கரி, அதே புல் எண்ணெயில் குழைத்தது. தடவி, அரை நிமிஷம் விட்டு, காய்ந்த துணியால் துடைத்தால் பள்ளத்தில் மட்டும் கறுப்பு நிற்கும். ஊமத்தை இலைச் சாறு, கோவை இலைச் சாறு சேர்க்கும் பழைய முறை இருக்கிறது. எனக்கு அது தேவைப்படவில்லை. உண்மையில் பாதி ஓலைக்கு மையே தேவையில்லை. டார்ச்சை மேசையோடு மேசையாகப் படுக்க வைத்துப் பக்கவாட்டில் அடித்தால் எழுத்தாணிக் கீறல் நிழல் விழுந்து எழும்பி நிற்கும். இடமிருந்து ஒரு படம், வலமிருந்து ஒரு படம். ஓலையை மூன்று பகுதியாக, ஒன்றின் ஓரம் அடுத்ததில் வருமாறு எடுத்துக்கொண்டேன். பக்கத்தில் எப்போதும் ஸ்டீல் ஸ்கேல்.

இனிப் படிப்பது. பழைய ஓலையில் புள்ளி கிடையாது. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடு கிடையாது. காலும் ரகரமும் ஒன்றே. சொல்லுக்குச் சொல் இடைவெளியும் இல்லை. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் ஆரம்பத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார். "வாசகத்தைப் பிறகு பாருங்க. எல்லாப் பத்திரத்துக்கும் வாசகம் ஒண்ணுதான். எண்ணை முதல்ல எடுங்க" என்றார். அதுதான் இந்த வேலையில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய உபகாரம்.

வாசகம் ஒன்றுதான் என்பது உண்மை. சகாப்தம், கலியுகம், வருஷம், மாதம், தேதி; இன்னார் குமாரன் இன்னாருக்கு இன்னார் குமாரன் இன்னார் எழுதிக்கொடுத்தது; நான்கெல்லை; மாவடை மரவடை, மேல்நோக்கிய மரம், கீழ்நோக்கிய கிணறு; புத்திர பௌத்திர பாரம்பரியமாய் அனுபவித்துக்கொள்ள; சாட்சிகள்; ஓலை எழுதின கணக்கரின் கையெழுத்து. இரண்டு ஓலை படித்தால் மூன்றாவது மனப்பாடம். வித்தியாசமெல்லாம் எண்ணிலும் எல்லையிலும் இருக்கிறது. அதனால் கணினியில் ஒரு அட்டவணை போட்டு வருஷம், தொகை, நிலம், எல்லை நாலு, யார் கொடுத்தது, யார் வாங்கினது என்று மட்டும் நிரப்பினேன்.

எண்ணிலும் வழுக்கும் இடங்கள் உண்டு. 1752 என்பதை ௲௭௱௫௰௨ என்று எழுதுவார்கள், ஆயிரத்து ஏழுநூற்று ஐம்பத்திரண்டு என்று வாயால் சொல்வதுபோல. ௧ ககரம் மாதிரி, ௰ யகரம் மாதிரி, ௭ எகரம் மாதிரி. பின்னக் குறிகள் அதைவிட மோசம். பாகப்பிரிவினை ஓலையில் நான் அடிபட்டது அங்கேதான்.

அந்த ஓலை நாலு பங்குக்கும் துண்டு துண்டாக வயலைப் பிரித்துக் கொடுக்கிறது. எல்லாருக்கும் நல்ல வயலிலும் பங்கு, வடிகால் பக்கத்து வயலிலும் பங்கு. யாரும் நாளைக்குக் குறை சொல்லக்கூடாது என்பதற்காக ஒரே வயலைக் காலே அரைக்கால் என்று கூறுபோட்டிருக்கிறார்கள். கூட்டினால் 39½ மாதான் வந்தது. தலைப்பில் 40 என்று தெளிவாக இருக்கிறது. ஊர்க்கணக்கர் அரை மாவைத் தவறவிடுவாரா? அரை மா என்றால் 50 குழி, குழிக்கு 144 சதுர அடி வீதம் 7,200 சதுர அடி. அதை விட்டுவிட்டு நாலு பங்காளிகளும் சாட்சிகளும் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார்கள். எனவே தப்பு ஓலையில் இல்லை, என் வாசிப்பில்தான்.

கால் என்பதற்கான குறி வகரம் மாதிரி இருக்கும். இரண்டு இடங்களில் எண்ணுக்குப் பிறகு ஒரு 'வ', அதை ஒட்டி 'வடக்கு' என்று தொடங்கியது. 'வவடக்கு' என்று இருந்ததை எழுதினவரின் கைப்பிழை என்று நினைத்து ஒரு வகரத்தைத் தள்ளியிருந்தேன். தள்ளினது இரண்டு கால். இரண்டும் சேர்ந்தால் அரை. சேர்த்ததும் 40. அதன்பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன்: ஓலையில் கூட்டுத்தொகை கொடுத்திருந்தால், என் வாசிப்பு அந்தத் தொகைக்கு வராதவரை அந்த ஓலை படித்து முடிந்ததாகக் கணக்கில்லை.

20 மா ஒரு வேலி. ஆக 44 மா என்பது 2 வேலி 4 மா, இன்றைய கணக்கில் பதினாலரை ஏக்கர். நிலம் பிரித்த அதே ஓலை கடனையும் பிரிக்கிறது. தகப்பனார் வாங்கி வைத்துவிட்டுப் போன கடன் 52 வராகன் (அந்தக் காலத்துப் பொன் நாணயம்), தலைக்கு 13. தகப்பன் கடனைப் பிள்ளைகள் தீர்க்க வேண்டும் என்பது தர்மசாஸ்திரம் சொல்வது; இங்கே அது சாஸ்திரமாக இல்லை, வயலுக்கு அடுத்த வரியில் ஒரு தொகையாக இருக்கிறது. கல்யாணமாகாத தங்கைக்கு 12 வராகன் பொதுவில் எடுத்து வைத்திருக்கிறார்கள். நிலம் கிடையாது. படித்துக் காட்டியபோது அத்தை கேட்டது, "எழுதினவங்க அவ பேரைப் போட்டிருக்காங்களா?" இல்லை. தங்கை என்று மட்டும் இருக்கிறது. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குப் பிறப்புரிமைப் பங்கு தமிழ்நாட்டில் 1989இல்தான் வந்தது. அத்தையின் கல்யாணம் அதற்கு முன்பே முடிந்துவிட்டதால் அந்தச் சட்டமும் அவருக்கு உதவவில்லை. அதை அவரே சொல்லிச் சிரித்தார்.

எங்கள் கிளை மூன்றாவது தம்பியிடமிருந்து வருகிறது. அவருடைய 10 மா என்ன ஆயிற்று என்பதுதான் மற்ற ஓலைகள்.

வருஷக் கணக்கில் ஒரு சிக்கல். பெரிய பத்திரங்களில் சகாப்தம் இருக்கும், சின்னச் சீட்டுகளில் வெறும் வருஷப் பெயர்தான். வருஷப் பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கும் வழக்கம் வேறு. ஆக ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறைக்கு 'இன்னார் குமாரன் இன்னார்' என்பது அச்சு அசலாக ஒன்றே. இந்த இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும்? தாது வருஷத்துச் சீட்டு எங்கள் கட்டில் இரண்டு. கடன்பட்டவர் பெயரும் தகப்பன் பெயரும் இரண்டிலும் அதே.

தாது என்றதும் 1876இன் பஞ்சம்தான் யாருக்கும் ஞாபகம் வரும். ஒன்று நெல்கடன் சீட்டு: 16 கலம் வாங்கினது, கலத்துக்கு முக்குறுணி பொலிசை (வட்டி), அறுப்பில் 20 கலம் அளப்பது. கலத்துக்கு 12 குறுணி. 16 கலத்துக்கு 48 குறுணி, அதாவது 4 கலம் வட்டி. கால் பங்கு, அதுவும் ஒரே போகத்துக்கு. பஞ்ச காலத்துக் கொடுமை என்று எழுதியே வைத்துவிட்டேன். ஆனால் அது எழுத்தாணி ஓலை. அதன் கணக்கர் கை, விபவ வருஷத்து ஓலையின் கணக்கர் கை. ககரத்தின் கால் வலப்பக்கம் இழுபடுவது இரண்டிலும் ஒரே மாதிரி. 1808இல் எழுதினவர் 1876இல் எழுதியிருக்க முடியாது. அது முந்தின தாது, 1816. தாத்தாவின் கடன். பஞ்சத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. சாதாரண வருஷத்துச் சாதாரண வட்டிதான் அது.

மற்றது காகிதம், மாசி மாதத்துச் செல்லுச்சீட்டு (பணம் பெற்றதற்கான ரசீது), ஒரு அணா ஸ்டாம்ப் ஒட்டியது. அது 1877. அதில் தொகை 133 ரூபாய். எந்த ஒத்திக்கான தொகை என்று அதில் விவரம் இல்லை, 'முன் எழுதின ஒத்தி' என்றும் நிலத்தின் நான்கெல்லையும் மட்டும். 133 ரூபாய்க்கு ஒத்தி எழுதின ஓலை கட்டில் ஒன்றுமே இல்லை.

விகிர்தி வருஷம் தை மாதம், சகாப்தம் 1752, அதாவது 1831 ஜனவரியில் எழுதின ஒத்தி ஓலை ஒன்று இருந்தது. மூன்றாவது தம்பி தன் 10 மாவில் 3 மாவை 30 வராகனுக்கு ஒத்தி வைக்கிறார். காரணம் கிஸ்தி (நிலவரி) பாக்கி. வட்டி கிடையாது, பணம் கொடுத்தவர் நிலத்தை உழுது விளைவை எடுத்துக்கொள்வார், முதலைத் திருப்பினால் நிலத்தை விடுவார். யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தர் 1707இல் தொகுத்த வழக்காற்றுச் சட்டமான தேசவழமையிலும் இதே ஒத்திதான் இதே பெயரில் இருக்கிறது. அப்புறம் நந்தன வருஷம், 1833 மாசியில், அதே நிலத்தின் மேல் இன்னொரு 8 வராகன், மேலொத்தி. ஆக 38.

இந்த இரண்டையும் 1877 சீட்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. ஒன்று வராகன், ஒன்று ரூபாய். ஒத்தி ஓலையில் 'வராகன் ஒன்றுக்குப் பணம் 42' என்று தெளிவாகப் போட்டிருப்பதைக் கவனித்தபோதுதான் பிடி கிடைத்தது. 42 பணம் என்றால் அது சென்னைக் கும்பினியின் (கிழக்கிந்தியக் கம்பெனியின்) நட்சத்திர வராகன். கும்பினி 1818இல் ரூபாய்க்கு மாறியபோது 100 வராகனுக்கு 350 ரூபாய் என்று விகிதம் வைத்தது. அரசாங்கம் மாறினாலும் ஊரில் வாய்க்கணக்கு வராகனிலேயே ஓடியிருக்கிறது. 38 வராகனை மூன்றரையால் பெருக்கினால் 133. சல்லி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தாத்தா வைத்த ஒத்தியை 46 வருஷம் கழித்து அதே பெயர் கொண்ட பேரன் மீட்டிருக்கிறார். அந்தக் காலத்துக் காலவரம்புச் சட்டம் ஒத்தி மீட்க 60 வருஷம் கொடுத்தது, ஆகவே அதற்கும் இடம் இருந்தது.

ஏன் 1877இல், பஞ்சத்தின் நடுவில்? ஓலை சொல்லவில்லை. எனக்குத் தோன்றுவது இது. காவிரிப் பாசனத்துக்கு அந்தப் பஞ்சம் மற்ற ஜில்லாக்கள் அளவுக்கு வரவில்லை, ஆனால் நெல் விலை எங்கும் ஏறியிருந்தது. கையில் 5 மா, 10 மா நிலம் வைத்து விற்க நெல்லும் வைத்திருந்தவருக்கு அது பணம் புரண்ட வருஷம். வேறு எங்கோ சனங்கள் பட்டினியில் செத்த விலையில்தான் எங்கள் 3 மா திரும்பி வந்திருக்க வேண்டும். குடும்பக் கதையில் இதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

குடும்பக் கதை வேறு. 'வட்டிக்காரன் ஏமாற்றி நிலத்தை எழுதி வாங்கிவிட்டான்' என்பது எங்கள் வீட்டில் குழந்தைக்கும் தெரியும். அந்த 3 மாவைத்தான் சொல்வார்கள். ஆனால் யோசித்துப் பார்த்தால், கடன் வாங்கினவர் எழுதிக்கொடுத்த ஓலை கடன் கொடுத்தவர் வீட்டில் அல்லவா இருக்க வேண்டும்? அது எங்கள் பெட்டிக்கு எப்படி வந்தது? பணத்தைக் கொடுத்து மீட்டபோது ஓலையைத் திருப்பி வாங்கியிருக்கிறார்கள். நெல்கடன் சீட்டிலும் ஒத்தி ஓலை இரண்டிலும் நடுவில் குறுக்காக ஒரு வெட்டு இருக்கிறது. பூச்சி நேர்க்கோட்டில் தின்னாது. கத்தியால் போட்ட வெட்டு, கணக்குத் தீர்ந்தது என்பதற்கு. ஒத்தி பிடித்தவரும் வெளி ஆள் இல்லை. மூத்த அண்ணன் கிளைப் பங்காளி.

இது தெரிந்ததும் பெட்டி முழுவதையும் வேறு மாதிரி பார்க்க வேண்டியிருந்தது. நம் வீட்டில் இருக்கும் கடன் ஓலையெல்லாம் தீர்ந்த கடன். தீராமல் நிலத்தைக் கொண்டுபோன கடனின் ஓலை நிலம் போன வீட்டுக்கே போயிருக்கும். நம் பெட்டியை மட்டும் வைத்துக் கணக்குப் பார்த்தால் நம் முன்னோர் எல்லாரும் நாணயஸ்தர்களாகத்தான் தெரிவார்கள்.

போன நிலத்தைப் பிடிக்க ஒரே வழி எல்லை வாசகம். 1831 ஒத்தி ஓலையில் அந்த 3 மாவுக்குத் தெற்கு எல்லை 'நம்முடைய 2 மா'. 1877 சீட்டில் அதே 3 மாவுக்குத் தெற்கு எல்லை, வேறொருவர் 'கிரயம் வாங்கின நிலம்'. இடைப்பட்ட காலத்தில் 2 மா போயிருக்கிறது. போன விவரம் எதுவும் எங்களிடம் இல்லை. கிழக்கு எல்லையும் பேசுகிறது: 1808இல் அது நாலாவது தம்பியின் பங்கு, 1877இல் அங்கும் வேறு பெயர். இப்படி ஒவ்வொரு ஓலையின் நான்கு எல்லையையும் வரைபடத் தாளில் கட்டம் போட்டு, வருஷத்துக்கு ஒரு நிறமாகத் தீட்டினேன். 10 மாவில் 7 மாவுக்கு 1877 வரை கதை தெரிகிறது. 2 மா கிரயம். மீதி 1 மா, 1808க்குப் பிறகு எந்த ஓலையிலும், யாருடைய எல்லையிலும் வரவில்லை.

பெரியப்பாவுக்கு வட்டிக்காரர் கதை போனதில் வருத்தம்தான். "அப்ப அந்த 2 மா?" என்று பிடித்துக்கொண்டார். கதை அதற்கு மாறிவிடும் என்று நினைக்கிறேன்.

செலவு எல்லாம் சேர்த்து 4,000 ரூபாய்க்குப் பக்கம். பெரிய செலவு கடைசியில் அடுக்கி வைக்க வாங்கிய அமிலமில்லாத அட்டைப் பெட்டிகள், 900. அப்புறம் கைப்பேசி ஸ்டாண்ட் 700. ஆல்கஹால் அரை லிட்டர் 280. சுருள்களை மறுபடி சுருட்டவில்லை; விரித்தபடியே அட்டை நடுவில் வைத்து, சிவப்புப் பருத்தித் துணி சுற்றி, வசம்புத் துண்டு போட்டுவிட்டேன். பரணுக்குத் திருப்பி அனுப்பவில்லை, கீழே மர அலமாரியில், சுவரை ஒட்டாமல் நாலு விரல் தள்ளி. காகிதங்களுக்கு எண்ணெய், ஆல்கஹால் எதுவும் காட்டவில்லை, தூசி தட்டி உறையில் போட்டதோடு சரி.

அடுத்த தடவை மாற்றிச் செய்வது மூன்று விஷயம். மையாடுவதற்கு முன்பே பக்கவாட்டு வெளிச்சத்தில் எல்லா ஓலையையும் எடுத்துவிடுவேன். மை போட்ட பிறகு பூச்சி ஓட்டையின் ஓரமும் கறுத்து எழுத்து மாதிரி தெரிகிறது. வாசகத்தை முழுக்க நகல் எடுப்பதைக் கடைசிக்குத் தள்ளி, எண், எல்லை, கணக்கர் கை மூன்றையும் முதல் சுற்றில் முடித்துவிடுவேன். கணக்கர் கையெழுத்துக்குத் தனி அட்டவணை போட்டிருந்தால் தாது வருஷக் குழப்பம் வந்திருக்காது. ஈரப்பெட்டிக்குக் கொசுவலைக்குப் பதில் நைலான் சல்லடைத் துணி. கொசுவலையின் கட்டம் ஒன்றிரண்டு ஓலையில் லேசாகப் பதிந்துவிட்டது.

ஒட்டிப்போன சுருளை அப்படியே விட்டிருக்கிறேன். வெளிச் சுற்றில் 'கிரய' என்ற மூன்று எழுத்தும் ௨ என்ற எண்ணும் தெரிகிறது. அது அந்த 2 மாவாக இருக்குமா என்று பெரியப்பா நாளுக்கு ஒரு தடவை கேட்கிறார். நாம் விற்றதாக இருந்தால் அது நம் பெட்டியில் இருக்கக்கூடாது. யாரோ நமக்கு விற்றதாக இருந்தால்தான் இருக்கும். எதுவானாலும் இதை என் சமையலறை மேசையில் திறக்கப் போவதில்லை. ஓலை பாதுகாப்பில் பயிற்சி உள்ள ஒருவரிடம் கேட்டிருக்கிறேன், தை அறுப்பு முடிந்ததும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். அதற்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பழைய அட்டவணைப் புத்தகத்துக்கு மனுப் போட வேண்டும். பதிவுச் சட்டம் 1864இல் வந்தது. அந்தக் கிரயம் அதற்குப் பின்னால் நடந்திருந்தால், 100 ரூபாய்க்குக் குறையாத தொகையாகவும் இருந்திருந்தால், அங்கே ஒரு வரி இருக்க வேண்டும்.